லயத்துச் சேவல்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழரின் கோழி வளர்ப்பும் இனங்காணும் மரபும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வாழ்வைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கூலி, தொழிற்சங்கம், பள்ளி, கோயில் ஆகிய நான்கையே சுற்றி வந்துள்ளன. லயத்து வீட்டின் பின்புறத்தில் மேய்ந்த கோழியை வரலாற்றுச் சான்றாக நோக்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. தோட்டத் தொழிலாளியின் குடும்பத்திற்குத் தோட்ட நிருவாகத்தைச் சாராத உடைமை ஒன்று இருந்ததென்றால், அது பெரும்பாலும் இந்தக் கோழியாகவே இருந்தது. வீடு தோட்டத்திற்குரியது, நிலமும் தோட்டத்திற்குரியது. கோழியோ தொழிலாளிக்குரியது. அதனை அவர் விற்கலாம், விருந்துக்கு அறுக்கலாம், தெய்வத்திற்கு நேர்ந்துவிடலாம்.

இக்கட்டுரை இரண்டு வினாக்களை எடுத்துக்கொள்கின்றது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் வளர்த்த கோழி எந்த இனத்தைச் சார்ந்தது என்பது முதல் வினா. முட்டைக்குச் சேவல் தேவையில்லாதபோதும் வீட்டுக் கூட்டத்தில் சேவலை வைத்திருந்தது ஏன் என்பது இரண்டாவது வினா. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினாலும் விடை ஒன்றே என்பதை நாம் இங்கு நிறுவ முயல்கின்றோம்.

மலையும் மக்களும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ள கேமரன் மலை, 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை அளந்து ஆராய்ந்த வில்லியம் கேமரன் என்பாரின் பெயரைத் தாங்கியது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பட்டறிவு பெற்ற ஏ. பி. மில்ன் என்பவருடன் இணைந்து அங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டில் பாரத் குழுமத்தின் தோட்டம் தோன்றியது. காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழராவர். தாழ்நிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வழங்கிய கங்காணி, மண்டோர், கிராணி, துரை, பெரட்டு, லயம் ஆகிய சொற்கள் தேயிலை மலையிலும் வழங்கின.

கங்காணி முறையின் வழிக் கப்பலேறியவர்கள் கொண்டுவந்த பொருள்கள் மிகச் சில. தளப் பயணிகளாக வந்து, பினாங்கில் நோய்த்தடுப்பு முகாமில் தங்கி, பின்னர்த் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். எனவே லயத்துக் கோழி தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த பறவையன்று எனக் கொள்வதே பொருந்தும். அருகிலிருந்த மலாய்க் கம்பங்களிலும் சீனர் சந்தைகளிலும் பெற்ற கோழியே லயத்துக் கோழியாயிற்று. ‘கம்பத்துக்கோழி’ என்று மலேசியத் தமிழர் அதற்கு இட்ட பெயரே இதற்குச் சான்றாகும். கப்பலேறி வந்தது பறவையன்று; பறவையை வளர்க்கும் முறையும் அதனை இனங்காணும் சொற்களுமே.

இவ்வளர்ப்பிற்கு இடம் எங்கிருந்து கிடைத்தது என்பதும் நோக்கத்தக்கது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பமுடைய தொழிலாளிக்குப் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமென விதித்தது. அஃது ஏறத்தாழ 2,700 சதுர அடியாகும். பசு வளர்ப்பதற்கு இந்நிலம் போதாது. கீரைப்பாத்திக்கும் பத்துக் கோழிக்கும் போதும்.

பெயரால் அறியும் இனமும் பிறப்பால் அறியும் இனமும்

கோழியினங்களை வகைப்படுத்தும் இன்றைய முறை ஐரோப்பியக் கண்காட்சிகளில் உருவானது. இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1874ஆம் ஆண்டிலும் கோழியினத் தர நூல்கள் வெளிவந்தன. கொண்டையின் வடிவம், இறகின் நிறம், காலின் நிறம், உடல் எடை ஆகியவற்றைக் கொண்டு இனத்தை வரையறுப்பது அந்நூல்களின் முறை. இம்முறையில் இனப்பெயர்கள் சில துறைமுகங்களின் பெயர்களாக அமைந்துள்ளன. ‘பேண்டம்’ என்னும் பெயர் சாவகத் துறைமுகமாகிய பந்தனிலிருந்து வந்தது. ‘கொச்சின்’ என்னும் பெருங்கோழி கேரளத்துக் கொச்சியைச் சார்ந்ததன்று, சீனத்திலிருந்து சென்றது. நெடிய காலும் தூக்கிய கழுத்தும் உடைய சண்டைக்கோழி ஒன்றிற்கு ‘மலாய்’ என்றே பெயர். அது நம் அசில் கோழிக்கு உறவுடையது. ஆகவே இனப்பெயர் பிறப்பிடத்தைக் காட்டும் என்று கொள்வது எப்போதும் சரியாகாது.

பிறப்பைப் பற்றிய செய்தி வேறு. 1868ஆம் ஆண்டில் சார்லசு டார்வின், வீட்டுக்கோழிகள் யாவும் செங்காட்டுக்கோழியிலிருந்தே தோன்றின என முடிவு கூறினார். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு 863 கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழியின் துணையினம் ஒன்றே வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை எனக் காட்டியது. அத்துணையினம் மலாய்த் தீவக்குறையிலும் வாழ்கின்றது. தாழ்நிலத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களில் மலாய்க்காரர் ‘ஆயாம் ஊத்தான்’ எனக் குறிப்பிடும் காட்டுக்கோழி அதுவே.

எனினும் டார்வினின் கூற்று முழுமையானதன்று என்பது 2008ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. பல வீட்டுக்கோழிகளின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிடம் இல்லை. அது சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் கண்டறிந்தனர். சாம்பல்நிறக் காட்டுக்கோழி இந்தியாவுக்கே உரியது. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இன்றும் கூவுகின்றது. ஆகவே லயத்து முற்றத்தில் மஞ்சள் காலுடன் நின்ற கம்பத்துக்கோழி, இரு நிலங்களின் காட்டுக்கோழிகளை ஒருங்கே மூதாதையராகக் கொண்டது. தமிழர் இங்கு வருவதற்குப் பன்னெடுங்காலத்திற்கு முன்பே அவர்தம் மலைக்காட்டுப் பறவையின் கூறு இந்நாட்டுக் கோழியிற் கலந்திருந்தது.

இதன்மேல் குடியேற்றக் காலத்தில் ரோட் ஐலண்டுச் சிவப்பு, வெள்ளை லெக்கார்ன் முதலிய ஐரோப்பிய, அமெரிக்க இனங்களும் கலந்தன. அதனால் கம்பத்துக்கோழியை ஒரு தூய இனம் என்று கூற இயலாது. ஆயினும் அது தனி வகை என்பதை வணிகமும் ஏற்கின்றது. 2022ஆம் ஆண்டு சூன் முதல் நாள் மலேசிய அரசு கோழி ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, அம்மாத நடுவிலேயே கம்பத்துக்கோழிக்கும் கருங்கோழிக்கும் விலக்கு அளித்தது.

தமிழ்ப் பெயரீட்டு மரபு

தர நூல்களின் அளவுகோலுக்கு அடங்காத இக்கோழியைத் தமிழர் எவ்வாறு இனங்கண்டனர்? இதற்குத் தமிழில் மிகப் பழைய மரபு உண்டு. தொல்காப்பிய மரபியல், சிறகுடைய உயிர்களில் மயில் ஒழிந்த ஏனையவற்றின் ஆணுக்குச் சேவல் என்னும் பெயரை உரித்தாக்குகின்றது. பெண்ணுக்குப் பெடை, பேடை என்னும் பெயர்களுடன் ‘அளகு’ என்னும் பெயரையும் தந்து, அதனைக் கோழி, கூகை, மயில் ஆகியவற்றிற்கு மட்டும் வரையறுக்கின்றது. சேவல் என்பது பறவைகளுக்குப் பொதுவாயிருந்து பின்னர்க் கோழியின் ஆணுக்கே சிறப்பாயிற்று. பெயரின் இவ்வொடுக்கமே வீட்டுப் பறவையாகிய கோழி பெற்ற முதன்மையைக் காட்டும்.

சங்கப் புலவர் ஒருவர் தம் உவமையாலேயே குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். தூண்டிவிடுவாரும் விலக்குவாரும் இன்றிக் குப்பைமேட்டில் தாமே பொருது ஓயும் கோழிகளைத் தலைவியின் காமநோய்க்கு அவர் ஒப்பிட்டார். அப்பாடல் குறுந்தொகையின் 305ஆம் செய்யுள். உறையூருக்குக் கோழி என்னும் பெயர் வழங்கியதும், விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போரில் மாண்ட சேவலுக்கு எழுத்துப் பொறித்த நடுகல் எடுத்ததும் அறிஞர் நன்கறிந்தவை. தனிச் சேவல் ஒன்றை ஊர்ப்பெயரோடு நினைவுகூரும் பழக்கம் நமக்கு அக்காலத்திலேயே இருந்தது.

மக்கள் வழக்கில் இனங்காணல் நான்கு நிலைகளில் அமைந்தது எனலாம்.

முதலாவது, உருவ அளவு. பெருவிடை, சிறுவிடை என்னும் பாகுபாடு தமிழக ஊர்களில் இன்றும் வழங்குகின்றது. பெருவிடை சண்டைக்கோழி வழியைச் சார்ந்தது. நெடுங்காலும் திரண்ட மார்பும் உடையது. அதன் பெட்டை குறைவாக முட்டையிடும். சிறுவிடை குறுகிய உடலுடையது. அடைகாப்பதிலும் குஞ்சு காப்பதிலும் சிறந்தது.

இரண்டாவது, பருவம். குஞ்சு, விடை, பெட்டை, சேவல், அடைக்கோழி என்னும் சொற்கள் பறவையின் வாழ்நிலையை வரிசைப்படுத்துகின்றன. இரண்டு மூன்று திங்கள் நிறைந்த விடையில் ஆண் பெண் அறிவதற்குக் கழுத்தையும் இடுப்பையும் நோக்குவர். ஆணின் இறகு அங்கு நீண்டு கூர்மையுடன் தொங்கும். பெண்ணின் இறகு நுனி வளைந்து உருண்டிருக்கும். கொண்டையும் தாடியும் முன்னதாகச் சிவப்பதும் ஆணின் அடையாளம்.

மூன்றாவது, உறுப்பு வேறுபாடு. கொண்டையைப் ‘பூ’ என வழங்கி, கத்திப்பூ, மத்திப்பூ, தவக்களைப்பூ என அதன் வடிவத்தைப் பிரிப்பர். கழுத்தில் இறகற்றது, தலையில் குடுமியுடையது, இறகு சுருண்டது, கால் குட்டையானது ஆகியவற்றிற்கும் வட்டாரந்தோறும் பெயருண்டு. இவற்றுட் பல ஒற்றை மரபணு வேறுபாட்டால் வருவன என்பது இன்றைய அறிவியல். கழுத்தில் இறகற்ற கோழி வெப்பத்தை எளிதில் வெளிவிடும். ஆதலால் தாழ்நிலத்திற்கு ஏற்றது. இரவில் 15 செல்சியசு அளவுக்குக் குளிரும் கேமரன் மலைக்கு அது அத்துணைப் பொருந்தாது.

நான்காவது, நிறம். காகம், கீரி, மயில், வல்லூறு, ஆந்தை, நூலான் என்பன சேவற்கட்டு மரபில் வழங்கும் நிறப்பெயர்கள். பிற உயிர்களின் நிறச்சாயலை நோக்கி இட்ட பெயர்கள் இவற்றுட் பல. இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இந்நிறப்பெயர்கள் முதன்மையாகச் சேவலுக்கே உரியவை. பெட்டை பெரும்பாலும் பழுப்பு, கறுப்பு, வெள்ளை, புள்ளி என்ற பொதுச்சொற்களால் குறிக்கப்படும். ஆகவே தமிழ்ப் பெயரீட்டு மரபு சேவலை நடுவாகக் கொண்டு நிற்கின்றது. சேவலில்லாத கூட்டத்தில் இப்பெயர்களுக்கு வேலையில்லை.

சேவலின் இடம்

சேவலின்றியும் பெட்டை முட்டையிடும். அம்முட்டை குஞ்சு பொரிக்காது என்பது மட்டுமே வேறுபாடு. தீனி உண்ணும், முட்டையிடாது, ஒன்றோடொன்று சண்டையிடும் பறவையை வறிய குடும்பம் ஏன் வளர்த்தது?

பலரும் கூறும் முதற்காரணம் கூவல். பெரட்டுக்கு விடியுமுன் எழவேண்டிய தோட்டத்தில் கடிகாரம் எல்லா வீட்டிலும் இல்லாத காலம் அது. சேவல் வெளிச்சத்தைக் கண்டு கூவுகிறது என்று பொதுவாகக் கருதுவர். 2013ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாறாத மங்கலொளியில் வைத்த சேவல்களும் ஏறத்தாழ ஒருநாள் இடைவெளியில் கூவுவதைக் கண்டு, கூவலை நடத்துவது உடலின் உட்கடிகாரமே என நிறுவினர். கூட்டத்தில் தலைமைச் சேவலே முதலில் கூவும், ஏனையவை தகுதி வரிசையில் தொடரும் என்பதை 2015ஆம் ஆண்டில் அவர்கள் காட்டினர். மூடுபனியால் விடியல் தெரியாத மலையிலும் சேவல் தவறாது கூவியதன் காரணம் இதுவாகும்.

இரண்டாவது காரணம் வழிபாடு. தோட்டத்து முனீசுவரர், மதுரை வீரன், காளியம்மன் ஆகிய தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்படுவது சேவலே. பிரிஞ்சாங்கில் அமைந்துள்ள தெண்டாயுதபாணி கோயில் போன்ற முருகன் கோயில்களில் உயிர்ப்பலி இல்லை. ஆயினும் அங்கும் சேவல் கொடியில் நிற்கின்றது. ஒரே பறவை ஒரு தெய்வத்திற்குக் காணிக்கையாகவும் மற்றொரு தெய்வத்திற்குக் கொடியாகவும் அமைந்தது. நேர்ந்த சேவலை விற்பதோ தம் தேவைக்கு அறுப்பதோ கூடாது என்பதால், வறுமையிலும் ஒரு சேவல் வீட்டில் எஞ்சியது.

மூன்றாவது காரணமே நம் ஆய்வுக்கு முதன்மையானது. அது கூட்டத்தின் தொடர்ச்சி. குஞ்சுப் பண்ணைகளிலிருந்து குஞ்சு வாங்கும் வழக்கம் இல்லாத இடத்தில் கூட்டம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்பது வளர்ப்போர் அறிந்த கணக்கு. ஆனால் ஒரே சேவல் பல தலைமுறைக்கு நிற்குமாயின் தந்தை மகள் கலப்பு நேர்ந்து, பொரிக்கும் முட்டை குறையும், குஞ்சு நலியும்.

இதனை எண்களால் விளக்கலாம். கூட்டத்தின் மரபணு வளத்தை அளக்க, சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் வாய்பாடு ஒன்றுண்டு. சீவல் ரைட் என்னும் மரபியலாளர் வகுத்தது அது. ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் உள்ள வீட்டில் பறவைகள் 11. கிடைக்கும் மதிப்போ 3.6 மட்டுமே. அதே சேவலுக்கு 50 பெட்டைகள் இருந்தாலும் மதிப்பு 3.9க்கு மேல் உயராது. மாறாக, ஐந்து வீடுகள் தத்தம் சேவலுடன் பத்துப் பத்துப் பெட்டைகளை வளர்த்து அவை கலந்து மேயுமாயின் மதிப்பு 18ஐ எட்டும். பெட்டையைப் பெருக்குவதால் கூட்டம் வளம் பெறுவதில்லை. சேவலும் சேவலையுடைய அண்டை வீடும் இருந்தாலே வளம் பெறுகின்றது.

லயத்தின் அமைப்பு இதற்கு இயல்பாகவே துணைசெய்தது. ஒட்டி நின்ற வீடுகள், பொதுவான முற்றம், வேலியற்ற பின்புறம் ஆகியவை பல வீட்டுக் கோழிகளை ஒரே கூட்டமாக்கின. இன்னார் வீட்டுச் சேவலின் குஞ்சு என்று நிறத்தைக் கொண்டே கூற முடிந்தது. அடைமுட்டை கேட்டு வாங்குவதும், குஞ்சைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறையில் பெட்டையை வளர்க்கக் கொடுப்பதும் தமிழக ஊர்வழக்கங்கள். லயத்து வாழ்வு இவற்றுக்கு ஏற்ற களமாயிருந்தது. முதல் வினாவின் விடையும் இங்கே கிடைக்கின்றது. லயத்துக் கோழியின் இனம் என்பது ஒரு வீட்டின் சொத்தன்று. பல வீட்டுச் சேவல்களால் ஆன ஓர் அயலுறவு.

கூட்டம் குலைந்த வரலாறு

இவ்வுறவைக் குலைத்தவற்றுள் நோய் ஒன்று. தமிழில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேத்து நோய் 1926ஆம் ஆண்டில் சாவகத்திலும் இங்கிலாந்து நாட்டு நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. தடுப்பூசியில்லாத வீட்டுக் கூட்டத்தில் அது நுழைந்தால் சில நாள்களில் கூடு வெறுமையாகும். 2004ஆம் ஆண்டு ஆகசுட்டில் கிளந்தானில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தோன்றியபோது, நோய் கண்ட பகுதிகளில் வீட்டுக்கோழிகள் அழிக்கப்பட்டன. கேமரன் மலையின் மழையும் ஈரமும் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சலை எளிதில் தரும். முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 செல்சியசு வரை வெப்பம் தேவை. மலைக்குளிரில் அதனைத் தருவது தாய்க்கோழியின் சிறகும் அடுப்படிச் சுவரின் சூடுமே.

எனினும் நோய்க்குப் பின் கூட்டம் மீள்வதுண்டு. ஒரு வீட்டில் அழிந்தால் மறுவீட்டிலிருந்து முட்டை வரும். மறுவீடே இல்லாதபோது கூட்டம் மீளாது. தேயிலை கிள்ளுவதற்குக் கத்தரியும் பொறியும் வந்தன. பிள்ளைகள் கல்வி பெற்று ஈப்போ, கோலாலம்பூர் முதலிய நகரங்களுக்குச் சென்றனர். இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் பெரும்பகுதி வேலையை வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளின் தொழிலாளர்கள் செய்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் குறைந்த லயத்தில் எஞ்சிய முதியவர் இரண்டு பெட்டைகளை வளர்க்கலாம். ஆனால் சேவல் ஒன்றாகி, பின் இல்லாமற்போகும். முட்டை மட்டும் சில காலம் தொடரும். கூட்டம் முடிந்துவிட்டது என்பது முட்டை நிற்கும்போது தெரிவதன்று. கடைசிச் சேவல் போன அன்றே அது முடிந்துவிட்டது.

நகரத்து வீட்டு வரிசைகளில் நிலைமை வேறு. கூவல் அங்கு அண்டை வீட்டாரின் முறையீட்டுக்கு இடமாகின்றது. சேவற்சண்டையோ விலங்கு நலச் சட்டம் 2015இன்படித் தண்டனைக்குரியது, அத்தடை வேண்டுவதே. ஆயினும் கட்டுக்களத்தோடு சேர்த்து அதன் நிறப்பெயர்களையும் நாம் இழக்க வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் லயத்துக் கோழி, தர நூல்களின் இனப்பட்டியலில் இடம்பெறாவிடினும், இனமற்ற பறவையன்று என்பது தெளிவாகின்றது. அதன் இனத்தை நிறுத்தி வைத்தது அண்டை வீடுகளின் சேவல்கள். அதனை அறியச் செய்தது சேவலை நடுவாகக் கொண்ட தமிழ்ச் சொற்றொகுதி. இவ்விரண்டும் லயம் என்னும் ஒரே வாழ்விடத்தைச் சார்ந்திருந்தமையால் ஒருங்கே தேய்ந்துவருகின்றன. பறவையை மீட்பது கால்நடைத் துறையினர்க்கு இயலும். சொல்லை மீட்பது தமிழாசிரியர்க்கே இயலும்.

கேமரன் மலையிலும் ஏனைய தோட்டப்புறங்களிலும் பணியாற்றும் தமிழாசிரியர்கள், மாணவரின் பாட்டன் பாட்டியரிடம் மூன்று வினாக்களைக் கேட்கச் செய்யலாம். உங்கள் வீட்டுச் சேவலின் நிறத்தை என்ன பெயரால் அழைத்தீர்கள்? அதன் கொண்டைக்கு என்ன பெயர்? அச்சேவல் எந்த வீட்டிலிருந்து வந்தது? முதல் இரண்டு விடைகளும் அகராதிக்குப் பயன்படும். மூன்றாவது விடை, ஒரு லயத்தில் யார் யாரோடு உறவாடி வாழ்ந்தனர் என்பதைத் தோட்டத்துப் பதிவேடுகளும் காட்டாத அளவிற்குக் காட்டும். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர்.